ஈசல் சிறகும் மழைக்கோட்டும்

1944ஆம் ஆண்டு. ஐரோப்பா போரில் எரிந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின் வடக்கே லீட்ஸ் நகரில், ஹெடிங்லி பகுதியில் இயங்கிவந்த கம்பளித் தொழில் ஆராய்ச்சிச் சங்கத்தில் காஸி, பாக்ஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் துணி எப்படி நனைகிறது என்று அளந்துகொண்டிருந்தார்கள். துணியோடு ஒப்பிட அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் வாத்தின் இறகு. குளத்தில் முங்கி எழுந்த வாத்து ஒரு தடவை உதறினால் போதும், உலர்ந்துவிடும். வாத்து ஏதோ விசேஷமான எண்ணெயைப் பூசிக்கொள்கிறது, அதனால்தான் நனைவதில்லை என்பது அதுவரை பலருடைய எண்ணம். இவர்கள் அளந்து பார்த்ததில் அப்படித் தெரியவில்லை. இறகின் இழைகள் எவ்வளவு மெல்லியவை, எவ்வளவு இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதில்தான் சூட்சுமம் இருந்தது. அந்த ஆண்டு ஃபாரடே சங்கத்தின் ஆய்விதழில் அவர்கள் எழுதிய கட்டுரையின் முடிவு இதுதான்: வாத்தைப் போல நனையாத உடை வேண்டுமானால், மேலும் நல்ல பூச்சு மருந்தைத் தேடி அலைவதை விட்டுவிட்டுத் துணியின் அமைப்பைச் சீர்செய்யுங்கள்.

இந்த அறிவுரையை உலகம் கேட்கவில்லை. பூச்சு மருந்தைத்தான் தேடிப் போனது. பத்தே ஆண்டுகளில் கண்டுபிடித்தும்விட்டது. அதற்கு நாம் கொடுத்த விலை இப்போது நம் எல்லோருடைய இரத்தத்திலும் இருக்கிறது. அதே காலத்தில், வேறு சிலர் பூச்சிகளின் சிறகுகளை உற்றுப் பார்த்து, காஸியும் பாக்ஸ்டரும் சொன்ன இடத்துக்கே சுற்றி வளைத்து வந்து சேர்ந்தார்கள். அந்த எண்பது ஆண்டுக் கதைதான் இது.

நான் இதற்குள் வந்த வழி மிகச் சாதாரணமானது. முதுகலைப் படிப்புக்காக லீட்ஸுக்கு வந்து ஹெடிங்லியில் ஓர் அறையில் தங்கியிருந்தேன். அந்த ஊர் மழை நம் ஊர் மழை போல வந்து கொட்டிவிட்டுப் போகாது. பக்கவாட்டில், மெல்லிசாக, நாள் முழுக்கப் பெய்யும். குடை அங்கே வேலைக்கு ஆகாது. எல்லோரையும் போல நானும் ஒரு மழைச்சட்டை வாங்கினேன். முதல் வருடம் நீர் முத்து முத்தாக உருண்டது. இரண்டாம் வருடம் தோள்பட்டையில் ஊறத் தொடங்கியது. கடைக்காரர் ஒரு புட்டியை எடுத்துக் கொடுத்தார்; துவைக்கும்போது ஊற்றினால் மறுபடி நீர் உருளும் என்றார். உருளவும் செய்தது. அந்தப் புட்டிக்குள் இருப்பது என்ன என்ற கேள்விதான் வெகு பின்னால் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்துவந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர்கள் ஒரு காலத்தில் நான் குடியிருந்த அதே பேட்டையில் வேலை பார்த்தார்கள் என்பது பிறகு தெரிந்த செய்தி.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். நீர் புகாமல் அடைப்பது வேறு, நீர் ஒட்டாமல் உருண்டு போவது வேறு. முதலாவதைத் தொழிற்சாலை அளவில் செய்து காட்டியவர் ஸ்காட்லாந்துக்காரரான சார்லஸ் மாக்கின்டாஷ். 1823இல், நிலக்கரி வாயு தயாரிக்கையில் கிடைத்த நாஃப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டி, காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் இன்றும் மழைக்கோட்டுக்கு அவர் பெயர்தான் வழக்கில் இருக்கிறது. அந்தக் கோட்டுக்குள் மழை வராது. வியர்வையும் வெளியே போகாது. ஆரம்பகாலக் கோட்டுகள் குளிரில் விறைத்தன, வெயிலில் பிசுபிசுத்தன.

அந்த ரப்பர் நம் சரித்திரத்தையும் தொட்டுச் சென்றது. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு வந்த விதைகளின் நாற்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் போயின. பிற்பாடு சைக்கிள் டயருக்கும் மோட்டார் டயருக்கும் ரப்பர் தேவைப்பட்டபோது, மலாயாவின் தோட்டங்களில் பால்வெட்டப் போனவர்கள் தமிழ்நாட்டு ஏழைகள். இந்த இதழைப் படிப்பவர்களில் சிலருடைய குடும்பக் கதை அந்த ரப்பர் மரங்களின் அடியில்தான் தொடங்குகிறது. ஒரு பொருளை வாங்கும்போது அது எங்கிருந்து வருகிறது, யாருடைய உடம்பின் வழியாக வருகிறது என்று கேட்கும் பழக்கம் நம்மில் சிலருக்கு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நீர் உருளும் சங்கதிக்கு வருவோம். நமக்கு இது புதிதே அல்ல. பட்டும் படாமலும் இருப்பவரைத் ‘தாமரை இலைத் தண்ணீர்’ என்போம். கிராமத்தில் வளர்ந்தவர்கள் சேம்பிலையில் ஒரு துளி நீரை விட்டு, அதைக் கீழே விழாமல் உருட்டி விளையாடியிருப்பார்கள். இதை அளக்க ஒரு வழியைச் சொன்னவர் தாமஸ் யங். 1805இல் வெளியான கட்டுரையில், ஒரு சமன்பாடுகூட எழுதாமல் வெறும் வாக்கியங்களாலேயே விளக்கினார். ஒரு துளி ஒரு பரப்பின்மேல் உட்காரும்போது அதன் ஓரம் பரப்போடு ஒரு கோணத்தை உண்டாக்குகிறது. துளி பரவிப் படர்ந்தால் அந்தக் கோணம் சிறியது. உருண்டு திரண்டால் பெரியது. இதற்குத் தொடுகோணம் என்று பெயர். 90 பாகைக்கு மேல் போனால் அந்தப் பரப்புக்கு நீரைப் பிடிக்கவில்லை என்று பொருள். 150ஐத் தாண்டினால் துளி ஏறக்குறைய ஒரு கோலிக்குண்டு. சற்றுச் சாய்த்தாலே ஓடிவிடும்.

இதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. வழவழப்பான தட்டையான பரப்பில் எந்த வேதிப்பொருளைப் பூசினாலும் தொடுகோணம் ஓர் அளவுக்கு மேல் ஏறாது. மெழுகு பூசினால் ஏறத்தாழ 110 பாகை. இன்றுவரை அறிந்தவற்றில் நீரை மிக அதிகமாக வெறுக்கும் ஃபுளூரின் சேர்மங்களைப் பூசினாலும் 120ஐத் தாண்டாது. ஆக 150 வேண்டுமென்றால் வேதியியல் மட்டும் போதாது. பரப்பு கரடுமுரடாக இருக்க வேண்டும். 1936இல் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ராபர்ட் வென்சல், சொரசொரப்பு ஒரு பரப்பின் இயல்பை மிகைப்படுத்தும் என்று காட்டினார்: நனையும் பரப்பு மேலும் நனையும், நனையாதது மேலும் விலக்கும். லீட்ஸ்காரர்கள் இன்னொரு படி மேலே போனார்கள். சொரசொரப்பு மிக நுண்ணியதாக இருந்தால் நீர் பள்ளங்களுக்குள் இறங்குவதே இல்லை. மேடுகளின் நுனிகளில் மட்டும் உட்கார்ந்துகொள்ளும். அடியில் காற்று நிற்கும். முள்படுக்கையில் படுத்திருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பு தொடுவது முட்களின் நுனியை மட்டும்தான், மற்றதெல்லாம் வெளி. துளிக்கும் அதே நிலைமை. அது பெரும்பாலும் காற்றின்மேல் உட்கார்ந்திருக்கிறது. காற்றில் ஒட்டிக்கொள்ள ஒன்றுமில்லை.

மறு ஆண்டே, 1945இல், தாவரங்களிலும் விலங்குகளிலும் இதே ஏற்பாடு இருப்பதைப் பற்றி அவர்கள் ‘நேச்சர்’ இதழுக்கு ஒரு குறிப்பும் எழுதினார்கள். பாதை திறந்துதான் இருந்தது.

ஆனால் வேறொரு பாதை இன்னும் வேகமாகத் திறந்தது. 1938இல் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் ராய் பிளங்கெட், குளிர்பதன வாயுக்களைப் பற்றி ஆராய்ந்தபோது, வாயு இருக்க வேண்டிய உருளைக்குள் வெள்ளைத் தூள் உறைந்திருப்பதைக் கண்டார். அதுதான் டெஃப்லான். 1953இல் த்ரீ எம் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஃபுளூரின் கலந்த ஒரு திரவம் சில சொட்டுகள் உதவியாளர் ஒருவரின் கான்வாஸ் காலணியில் சிந்தியது. எதைப் போட்டுத் தேய்த்தாலும் அந்த இடம் மட்டும் நனையவில்லை, அழுக்கும் பிடிக்கவில்லை. அங்கே வேலை பார்த்த பாட்ஸி ஷெர்மனும் சாமுவேல் ஸ்மித்தும் அதன் மதிப்பைப் புரிந்துகொண்டார்கள். 1956இல் ‘ஸ்காட்ச்கார்ட்’ கடைக்கு வந்தது. கம்பளம், சோபா, மழைச்சட்டை என்று எல்லாவற்றிலும் அந்த வகைப் பூச்சு ஏறியது. டெஃப்லான் நம் வீட்டுத் தோசைக்கல்லிலும் ஏறியது.

அதில் கெட்டிக்காரத்தனம் இல்லை என்று சொல்ல முடியாது. துணியை மாற்ற வேண்டாம், தறியை மாற்ற வேண்டாம். எந்தத் துணியாக இருந்தாலும் மருந்தில் முக்கி எடுத்தால் போதும். துணியின் அமைப்பைச் சீர்செய்வது கடினமான வேலை. புட்டி வாங்குவது சுலபம். என் தொழிலில் இதை நாள்தோறும் பார்க்கிறேன். நிரல் மந்தமாக ஓடினால், அதன் அமைப்பைத் திருத்தி எழுதலாம் என்று நான் சொல்வேன். கூட்டத்தின் முடிவில் பெரிய சர்வர் ஒன்று வாங்குவதென்று தீர்மானமாகும். அந்த மாதம் பிரச்சினை தீர்ந்துவிடும். அதனால்தான் அந்தத் தீர்மானத்தை எதிர்த்துப் பேசுவது அவ்வளவு சிரமம்.

கார்பனுக்கும் ஃபுளூரினுக்கும் இடையிலான பிணைப்பு, கரிம வேதியியல் அறிந்த மிக வலிமையான பிணைப்புகளில் ஒன்று. அந்த வலிமையால்தான் பூச்சு நிலைக்கிறது. அதே வலிமையால்தான் கழுவி ஆற்றில் போனபிறகும் அது அழிவதில்லை. 1968இல் டொனால்ட் டேவ்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், மனித இரத்தத்தில் வழக்கமான ஃபுளூரைடு அல்லாத இன்னொரு வடிவத்திலும் ஃபுளூரின் இருப்பதாக எழுதினார். அது எங்கிருந்து வந்தது என்று உலகம் கவலைப்பட இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. 2000 மே மாதத்தில் த்ரீ எம், இந்தக் குடும்பத்தின் முக்கியமான வேதிப்பொருளான பி.எஃப்.ஓ.எஸ் தயாரிப்பைக் கைவிடப்போவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, அந்தப் பொருள் ஆர்க்டிக் துருவக் கரடிகளிலும் நடுக்கடல் தீவின் ஆல்பட்ராஸ் பறவைகளிலும் சேர்ந்திருப்பதைக் காட்டியது. மழைச்சட்டையே அணியாத உயிர்கள் அவை. அந்தக் கட்டுரையை எழுதிய இருவரில் ஒருவர் ஜான் கீசி. மற்றவர் தமிழ்நாட்டில் பயின்று வெளிநாடு சென்ற குருந்தாசலம் கண்ணன். 2009இல் பி.எஃப்.ஓ.எஸ், 2019இல் அதன் உறவான பி.எஃப்.ஓ.ஏ ஆகியவை ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இந்தக் குடும்பம் முழுவதற்கும் இன்று பி.எஃப்.ஏ.எஸ் என்று பெயர். அதன் உறுப்பினர்களை ஆயிரக்கணக்கில் எண்ணுகிறார்கள். ‘நிரந்தர வேதிப்பொருள்’ என்பது செய்தித்தாள்கள் வைத்த பட்டப்பெயர்.

இனி பூச்சிகளிடம் போவோம்.

1955இல் மார்ட்டின் ஹோல்ட்கேட் என்ற ஆங்கிலேய உயிரியலாளர், பூச்சிகளின் உடம்பு எப்படி நனைகிறது என்று அளந்து எழுதினார். மேல்தோலின் வேதியியலுக்கு மட்டுமல்ல, அதன் சொரசொரப்புக்கும் இதில் பங்கு உண்டு என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் அந்தச் சொரசொரப்பின் நுணுக்கத்தைக் கண்ணால் பார்க்க அப்போது வசதியான கருவி இல்லை. 1965இல்தான் அலகிடு மின்னணு நுண்ணோக்கி விலைக்குக் கிடைக்கத் தொடங்கியது. எழுபதுகளில் அந்தக் கருவியின் முன் உட்கார்ந்தவர்களில் ஒருவர், ஹைடல்பெர்க்கில் இருந்த வில்ஹெல்ம் பார்த்லோட் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர். இலைகளின் மேற்பரப்பைப் பார்த்து அவற்றை வகைப்படுத்துவது அவர் வேலை. நுண்ணோக்கியில் வைக்குமுன் இலைகளைக் கழுவ வேண்டும். ஒரு விசித்திரத்தை அவர் கவனித்தார்: வழவழப்பான இலைகளில்தான் தூசி இருந்தது. நுண்ணிய புடைப்புகளும் மெழுகும் கொண்ட இலைகளைக் கழுவவே தேவைப்படவில்லை.

அதன் காரணத்தை அவரும் கிறிஸ்டோஃப் நைன்ஹூய்ஸும் 1997இல் விரிவாக எழுதினார்கள். உருளும் துளி, நுனிகளில் தொத்திக்கொண்டிருக்கும் தூசியையும் பொறுக்கிக்கொண்டு போய்விடுகிறது. கட்டுரையின் தலைப்பிலேயே தாமரையின் தூய்மையைக் குறிப்பிட்டார்கள். கீழைநாடுகள் அறிந்திருந்த ஒன்றுக்கு மேற்கு தந்த மரியாதை அது. 1999இல் ‘லோட்டுசான்’ என்ற சுவர்ச்சாயம் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது.

தாமரை எல்லோருக்கும் தெரிந்த கதையாகிவிட்டது. அதற்கு ஓராண்டு முன்பே அதே குழு பூச்சிகளைப் பற்றி எழுதியது அவ்வளவாகப் பேசப்படவில்லை. 1996இல் தாமஸ் வாக்னர், நைன்ஹூய்ஸ், பார்த்லோட் மூவரும் 97 இனப் பூச்சிகளின் சிறகுகளை நுண்ணோக்கியில் பார்த்து, தொடுகோணத்தை அளந்து, தூசி தூவி, நீர் தெளித்துச் சோதித்தார்கள். சில சிறகுகளில் நீர் தாராளமாகப் படர்ந்தது. சிலவற்றில் கோணம் 150ஐத் தாண்டியது. யாருக்கு எது என்பதில் ஓர் ஒழுங்கு இருந்தது. ஈ தன் கால்களாலேயே சிறகைத் துடைத்துக்கொள்ளும். நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வண்ணத்துப்பூச்சிக்கும் தட்டானுக்கும் உடம்பு சிறியது, சிறகு பெரியது, கால் எட்டாது. இப்படித் துடைத்துக்கொள்ள முடியாத பூச்சிகளின் சிறகுகள்தான் நீரை மிக அதிகமாக விலக்கின. கை எட்டாத இடத்தை மழையே கழுவிவிடும்படி ஓர் ஏற்பாடு.

பெரிய சிறகுள்ள பூச்சிக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஒரு துளி நம்மேல் விழுந்தால் துடைத்துக்கொள்வோம். தன் எடைக்கு நிகரான நீர் சிறகில் ஒட்டிக்கொண்டால் பூச்சியால் எழும்ப முடியாது. ஒரு குட்டையில் விழுந்து சிறகு ஒட்டிக்கொண்டால் அதோடு முடிந்தது.

ஈசலை நினைத்துப் பாருங்கள். முதல் மழை பெய்து ஓய்ந்த மாலையில், அல்லது மழை தூறிக்கொண்டிருக்கும்போதே, புற்றிலிருந்து புகைபோல் எழும்பி விளக்கைச் சுற்றும். அவ்வளவு மெல்லிய சிறகோடு, பறக்கவே பெரிதாகத் தெரியாத ஒரு பூச்சி, ஈரமான நேரத்தைத் தேர்ந்தெடுத்துப் பறக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிரிகரி வாட்சன், ஜொலான்டா வாட்சன் ஆகியோரும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் கறையான் சிறகை ஆராய்ந்து எழுதினார்கள். அதில் இரண்டு அடுக்குப் பாதுகாப்பு. மேலே வரிப்பள்ளங்கள் கொண்ட நுண்மயிர்கள், பெரிய துளிகளைத் தாங்கிப் பிடிக்க. கீழே நட்சத்திர வடிவப் புடைப்புகள், மயிர்களுக்கு இடையே புகுந்துவிடும் சின்னஞ்சிறு துளிகளைத் தடுக்க. மழையும் பனித்திவலையும் வேறு வேறு அளவு. இரண்டுக்கும் தனித்தனியே ஒரு ஏற்பாடு. மறுநாள் காலை விளக்கடியில் நாம் பெருக்கித் தள்ளியது இந்தச் சிறகைத்தான்.

சிள்வண்டின் சிறகு இன்னும் எளிமையானது, இன்னும் ஒழுங்கானது. ஆஸ்திரேலியாவின் ஒரு சிள்வண்டு இனத்தில், கண்ணாடி போன்ற அந்தச் சிறகு முழுவதும் ஏறத்தாழ 200 நானோமீட்டர் உயரமுள்ள தூண்கள், 170 நானோமீட்டருக்கு ஒன்றாக வரிசை பிசகாமல் நிற்கின்றன. ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் நானூறுக்கு மேற்பட்ட தூண்களை வரிசையாக நிறுத்திவிடலாம். மெல்போர்னின் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தில் எலேனா இவனோவாவும் ரஸல் கிராஃபோர்டும் நடத்திய குழு, தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் இந்தச் சிறகில் பாக்டீரியா ஒட்டாது என்று எதிர்பார்த்தது. பாக்டீரியா ஒட்டியது. ஒட்டியவுடன் செத்தது. 2012இல் வெளியான அந்த முடிவு எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. சிறகில் ஏதாவது விஷம் இருக்கிறதோ என்று சோதிக்க, அதன்மேல் 10 நானோமீட்டர் தங்கம் பூசினார்கள். வேதியியல் மாறிவிட்டது. வடிவம் மாறவில்லை. பாக்டீரியா அப்போதும் செத்தது. தூண்களின்மேல் படியும் செல்லின் உறை, தூண்களுக்கு இடையே இழுபட்டுக் கிழிகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். உறை தடித்த பாக்டீரியாக்கள் சிள்வண்டின் சிறகில் தப்பித்தன. 2013இல் அதே குழு தட்டான் சிறகையும், அதைப் போன்ற நுண்முட்கள் கொண்ட ‘கறுப்பு சிலிக்கான்’ என்ற செயற்கைப் பரப்பையும் சோதித்தது. அவற்றில் தடித்த உறையும் தப்பவில்லை. உடலுக்குள் பொருத்தும் செயற்கை மூட்டுகளில் தொற்று வராமல் தடுக்க இது உதவுமா என்று இப்போது பல ஆய்வகங்கள் முயன்றுகொண்டிருக்கின்றன.

அதே 2013இல் இன்னும் இரண்டு செய்திகள் வந்தன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சுவான்ஹுவா சென் குழு, வாட்சன் குழுவோடு சேர்ந்து, சிள்வண்டின் சிறகில் பனி படியும்போது அடுத்தடுத்த திவலைகள் ஒன்றாகச் சேர்ந்து, அந்தச் சேர்க்கையின் ஆற்றலாலேயே துள்ளி எழுந்து, அழுக்கையும் தூக்கிக்கொண்டு வெளியேறுவதைப் படம்பிடித்தது. மழை வேண்டாம், சாய்வு வேண்டாம், பனி போதும். எம்.ஐ.டி.யில் கிருபா வாரணாசியின் குழு, மார்ஃபோ வண்ணத்துப்பூச்சியின் சிறகில் உள்ள நரம்பு மேடுகளைப் போல் ஒரு பரப்பில் வரம்பு எழுப்பினால், விழும் துளி உடைந்து, மோதித் திரும்பும் நேரம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது என்று காட்டியது. விமான இறக்கையில் விழும் துளி உறைவதற்குள் தெறித்துவிட வேண்டும் என்பவர்களுக்கு இது முக்கியம். வாரணாசி சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்தவர்.

இத்தனையையும் ஒரு பூச்சி எந்தப் பொருளால் செய்கிறது? கைட்டின், புரதம், மேலே ஒரு மெல்லிய மெழுகு. கைட்டின் என்பது நாம் இறால் உரித்துக் குப்பையில் போடும் ஓட்டில் இருப்பது. ஃபுளூரின் இல்லை. அரிய தனிமம் எதுவும் இல்லை. சிறகு விழுந்தால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும்.

ஆனால் இதோடு முடித்துக்கொண்டு, இயற்கை வென்றது, வேதியியல் தோற்றது என்று எழுதினால் அது நேர்மையான வரலாறு ஆகாது. பூச்சிச் சிறகைப் பார்த்து ஆய்வகங்களில் நுண்தூண்களை எழுப்பியவர்களில் பெரும்பாலோர், கடைசியில் அவற்றின்மேல் ஃபுளூரின் சேர்மம் ஒன்றைத்தான் பூசினார்கள். வடிவத்தைப் பூச்சியிடமும் பூச்சைப் புட்டியிலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். காரணம் எண்ணெய். மெழுகுப் பூச்சு நீரை விலக்கும், எண்ணெயை விலக்காது. கறை பிடிக்காத சோபா வேண்டுமென்றால் ஃபுளூரின்தான் என்று வெகு காலம் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கைக்கும் 2014இல் ஒரு பதில் வந்தது. கலிபோர்னியாவில் டிங்யி லியூ, சாங்ஜின் கிம் இருவரும் வெறும் சிலிக்காவில், ஓரம் உள்நோக்கி மடிந்த குடை போன்ற தலைகள் கொண்ட நுண்தூண்களைச் செய்தார்கள். எந்தப் பூச்சும் இல்லை. எந்தப் பரப்பிலும் படர்ந்துவிடும் திரவங்களைக்கூட அது உருட்டிவிட்டது. வடிவம் ஒன்றே போதும் என்பதற்கு அதைவிடச் சுத்தமான நிரூபணம் கிடையாது.

நிரூபணம் வேறு, மழைச்சட்டை வேறு. நுண்தூண்கள் உரசலைத் தாங்குவதில்லை. பையின் வார் தோளில் நாலு நாள் தேய்ந்தால் தூண்கள் மடிந்துவிடும். 2020இல் சீனாவின் செங்டு நகர ஆய்வாளர்கள், சற்றுப் பெரிய பிரமிடு வடிவக் குழிகளைக் கவசம்போல் அமைத்து, அவற்றுக்குள் நுண்ணமைப்பை ஒளித்துவைத்துத் தேய்மானத்தைத் தாங்க வைத்தார்கள். இது ஒரு நல்ல ஆரம்பம். கண்ணாடியிலும் உலோகத்திலும் சரிவரலாம். மடங்கிக் கசங்கும் துணிக்கு இன்னும் தூரம் இருக்கிறது. தாமரை தேய்ந்த மெழுகை மறுபடி சுரந்துகொள்ளும். சிள்வண்டு வெளியே வந்தபின் சில வாரங்களே வாழும். ஈசலுக்குச் சிறகு ஒரே ஒரு மாலைக்குத்தான் வேண்டும். பறந்து முடிந்ததும் தானே உதிர்த்துவிடுகிறது. நமக்கோ ஒரு சட்டை பத்து ஆண்டு உழைக்க வேண்டும், எண்ணெய் பட்டாலும் கறை பிடிக்கக் கூடாது, விலையும் குறைவாக இருக்க வேண்டும். நாம் கேட்டதெல்லாம் நியாயமான ஆசைகள்தான். எல்லாவற்றையும் ஒரே புட்டி கொடுத்தபோது, அது வேறு என்ன கொடுக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது சட்டம் கேட்கத் தொடங்கியிருக்கிறது. 2025 ஜனவரி முதல் கலிபோர்னியாவில் பி.எஃப்.ஏ.எஸ் சேர்த்த புதிய துணிகளை விற்கத் தடை, சில விலக்குகளோடு. 2025 பிப்ரவரியில் பிரான்ஸ் அதேபோல் ஒரு சட்டம் இயற்றியது. மழைச்சட்டை செய்பவர்கள் மெழுகு வகைப் பூச்சுகளுக்கும் துணியின் நெசவுக்கும் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். கடைகளில் விற்பனையாளர்கள் மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொல்கிறார்கள்: இந்தப் புது வகை எண்ணெய்க் கறையைத் தாங்காது, அடிக்கடி துவைத்துப் பராமரிக்க வேண்டும். மழைக்கு ஒதுங்கவும் நடக்கவும் மட்டுமே ஒரு சட்டை வேண்டுமென்றால், அது போதுமானது.

காஸியும் பாக்ஸ்டரும் சொன்னதை ஏற்றுக்கொள்ள 1944இல் எந்தத் தடையும் இருக்கவில்லை. அது அச்சில் இருந்தது, யாரும் படித்திருக்கலாம். அதைச் செய்வதுதான் கடினமாக இருந்தது, அப்போது தறிக்கு, இப்போது ஆய்வகத்துக்கு. இடையில் கழிந்த ஆண்டுகளில் ஆற்றில் போனதைத் திரும்ப எடுக்க வழியில்லை. அது கரடிக்குள்ளும் பறவைக்குள்ளும் நமக்குள்ளும் இருக்கிறது. வாத்து இன்னும் அதே இறகோடுதான் நீந்துகிறது.